காரணம்: தண்ணீர்

அந்த வருஷம் ஏப்ரல் மாதம் சோய்லா ஒரு நாளைக்கு நாலு விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தாள். சில நாள் ஐந்து. எல்லாம் கையால். அவள் புருஷன் ரூசெல் கனுல் வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் மேஸ்திரி. இதைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவுக்குக் கல் அடுக்கிய சுவர். நான் தமாலெஸ் விற்பவள். சோள மாவையும் கறியையும் வாழை இலையில் மடித்து ஐந்து மணிக்கெல்லாம் ஆவிப் பானையில் அடுக்கிவிடுவேன். பானை மூடி ஆடத் தொடங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சோய்லாவின் சிமெண்ட் துவைதொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். மெரிதா நகரத்துக்குத் தெற்கே, விமான நிலையத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் பகுதியில் விடிகாலையில்தான் குழாயில் வேகம் உண்டு. எட்டு மணிக்கு மேல் நூல் மாதிரி ஒழுகும். பத்து மணிக்கு மேல் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் கை வைக்க முடியாது, அப்படிச் சுடும். அதனால் அவள் இருட்டு பிரியும் முன்பே துவைக்க நின்றுவிடுவாள்.

அவள் மாமனார் தோன் லாசரோ ஜனவரியில் பக்கவாதம் வந்து விழுந்தார். இடது கையும் இடது காலும் போய்விட்டன. எழுபத்தெட்டு வருஷம் வலை ஊஞ்சலில் படுத்த மனிதரை டாக்டர் கட்டிலில் போடச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டாவிட்டால் முதுகில் புண் வருமாம். "கட்டில்ல கெடத்துனா ஆளு முடிஞ்சான்னு அர்த்தம்" என்று கிழவர் வாய் கோணிக்கொண்டு சொல்வார். அவரால் மூத்திரத்தை அடக்க முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் சோய்லா விரிப்பை உருவுவாள், புதிதைப் போடுவாள், அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் எழுந்து தொட்டிக்குப் போவாள்.

பின்கட்டில், துணி மாட்டும் கயிற்றுக்குக் கீழே, அவர்களுடைய வாஷிங் மெஷின் நின்றுகொண்டிருந்தது. டிசம்பரிலேயே நின்றுவிட்டது. ரூசெல் "நாளைக்குப் பாக்கறேன்" என்றான். ஜனவரியில் ஆஸ்பத்திரி அலைச்சல். பிப்ரவரியில் அதைத் திறந்து தண்ணீர் வால்வைக் கழற்றிக்கொண்டு போய் ரொட்டிக் கடைக்காரி வீட்டு மெஷினில் போட்டான். "அங்க ரொம்ப அவசரம், புதுசு ரெண்டு நாள்ல வந்துடும்." மார்ச்சில் பம்பைக் கழற்றினான். அதற்கும் அதே இரண்டு நாள்தான். மெஷின் மூடிமேல் சோய்லா துணிக் கவ்விகள் கூடையை வைத்தாள். அப்புறம் வெங்காயக் கூடையையும் வைத்தாள்.

எங்கள் தண்ணீரைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முற்றத்தில் இரண்டு முழம் தோண்டினால் வெள்ளைப் பாறை, அந்தப் பாறைக்குள் ஊறித்தான் தண்ணீர் வருகிறது. குழாயில் வருவதில் பாதி தண்ணீர், பாதி கல். என் ஆவிப் பானையின் அடியை வாரம் ஒரு முறை பழைய கத்தியால் சுரண்டுவேன், செதில் செதிலாகப் பெயரும். குளியலறைப் பூவாளியில் மூன்று ஓட்டைதான் திறந்திருக்கும், அந்த மூன்றும் சுவரை நனைக்கும். இஸ்திரிப் பெட்டி கறுப்புப் பேண்ட்டைக் கண்டால் வெள்ளையாகத் துப்பும். காப்பி மெஷின் வாங்கினால் இரண்டு வருஷம். வாஷிங் மெஷின் நான்கு வருஷம், நல்ல ராசி இருந்தால் ஐந்து.

"இந்த ஊருல தண்ணி வர்ற வரைக்கும் எனக்கு வேலை இருக்கும்" என்பான் ரூசெல். கெட்டிக்காரன்தான். மூடியைத் திறக்காமலே, தண்ணீர் நிரம்பும் சத்தத்தை வைத்து எங்கே சுண்ணாம்பு அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். போகிற வீட்டில் எல்லாம் ஒரு பிரசங்கமும் உண்டு. "என் வீட்டு மெஷின் பதினோரு வருஷமா ஓடுதும்மா. எப்படின்னு கேளுங்க. மாசம் ஒரு தடவ ரெண்டு லிட்டர் வினிகரு, வெதுவெதுப்பான தண்ணி, ராத்திரி பூரா ஊறணும். அவ்வளவுதான். அவசரப்பட்டு ஆசிட்ட ஊத்திடாதீங்க. ஆசிட்டு பத்து நிமிஷத்துல சுண்ணாம்பத் தின்னுடும், அப்பறம் மெஷினையும் தின்னும்." இந்தப் பேச்சு எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

நான் சொல்ல வந்தது ஒரு திங்கட்கிழமை நடந்தது. எங்கள் ஊரில் திங்கட்கிழமை துவைக்கிற நாள். பன்றிக்கறியையும் கறுப்பு பீன்ஸையும் பானையில் போட்டு அடுப்பில் விட்டுவிட்டால் அது பாட்டுக்கு வேகும், பொம்பளைகள் துணியோடு மல்லுக்கட்டலாம். அன்றைக்கு வானமே தெரியவில்லை. தெற்கே காட்டைச் சுட்டு நிலம் திருத்துகிற புகை ஊர்மேல் கவிந்திருந்தது. மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

விற்பனை முடித்து ஒன்பது மணிக்கு ட்ரைசிக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டி, அதில்தான் என் பானையும் வியாபாரமும். சோய்லா சுவரில் முழங்கையை ஊன்றி நின்றிருந்தாள். அவள் கை இரண்டும் மணிக்கட்டு வரை வெந்த மாதிரி சிவந்து, விரல் மடிப்புகளில் வெடித்திருந்தது.

"என்னடி, மொகம் இப்படி இருக்கு?"

"மாமாவுக்கு வயித்தால போகுதுக்கா. விடியறதுக்குள்ள ஆறு விரிப்பு. மெத்தையும் நனைஞ்சிருச்சு."

"ரூசெல் எங்க?"

"ஏழு மணிக்கே போயிட்டான். யாரோ வக்கீல் வீட்டு மெஷினாம், தண்ணி ரொம்ப மெதுவா ரொம்புதாம். அந்தம்மாவுக்கு அவசரமாம்." கொஞ்ச நேரம் என் ட்ரைசிக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, வண்டிய ஒரு மணி நேரம் குடுக்கறீங்களா?"

"எங்க போவணும்?"

"எங்கயும் போவ வேண்டாம். மெஷினத் தூக்கி உங்க வீட்ல வைக்கணும்."

நான் புரியாமல் நின்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள். "வச்சிட்டு நீங்க அவனுக்குப் போன் போடுங்க. பழைய மெஷின் ஒண்ணு வாங்கினேன், ஓடல, வந்து பாருன்னு சொல்லுங்க. எத்தன நாள் கழிச்சு வர்றான்னு பாக்கணும்."

"சண்டை வரும்டி."

"இப்ப மட்டும் என்ன, கொஞ்சிக்கிட்டா இருக்கோம்?"

வெங்காயக் கூடையை இறக்கிவிட்டு இரண்டு பேரும் மெஷினைச் சாய்த்தோம். நான் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்று பயந்துகொண்டே தூக்கினேன். எளிதாக எழுந்து வந்தது.

"இவ்வளவு லேசாவா இருக்கும்?" என்றேன்.

சோய்லா குனிந்து அடியில் பார்த்தாள். அந்த மெஷின்களுக்கு அடித்தட்டு கிடையாது. பார்த்தவள் அப்படியே குனிந்தபடி இருந்தாள்.

"மோட்டார் இல்லக்கா."

நானும் பார்த்தேன். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் தொங்கியது. ஒரு சிலந்தி வலை.

"இத என்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள். வாசல் வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் முற்றத்தில் நாரத்தை மரத்தடியில் மெஷினை இறக்கினோம்.

போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். சோய்லா காதை என் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"மெஷினா? எப்பக்கா வாங்குனீங்க? வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? சரி, சரி. வக்கீல் வீட்டு வேலை முடியப்போவுது. பதினோரு மணிக்கு வந்துடறேன்."

நான் போனை வைத்தேன். சோய்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால்.

"இன்னிக்கே" என்றாள். "ஒண்ணேகால் மணி நேரத்துல."

அவள் வீட்டுக்குப் போய் மாமனாரைத் துடைத்து, அரிசிக் கஞ்சி கொடுத்து, தூங்கவைத்துவிட்டு வந்தபோது உடை மாற்றியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற நீலக் கவுன். தலை சீவியிருந்தாள். கையில் கைப்பை. நாற்காலியை மெஷினுக்கு எதிரே இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கைக்காரி மாதிரி உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. ரூசெல் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேசியபடியே உள்ளே வந்தான். "யாருகிட்ட வாங்குனீங்கக்கா? பழைய மெஷின் விக்கறவங்கள்லாம் ஏமாத்துக்காரங்க."

"ஏமாத்துன மாதிரிதான் தெரியுது" என்றேன்.

அவன் மரத்தடிக்கு வந்தான். முதலில் மெஷினைத்தான் பார்த்தான். அதன் இடது மூலையில் ஒரு நெளிசல் உண்டு, அவர்கள் மகள் கர்லா சின்ன வயதில் சைக்கிளை விட்டு மோதியது. அப்புறம் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தான்.

"சோய்லா."

"வாங்க மேஸ்திரி."

"அப்பாகூட யாரு இருக்கா?"

"தூங்கறாரு. ஜன்னல் தொறந்திருக்கு, கூப்பிட்டா இங்க கேக்கும். நீங்க மெஷினப் பாருங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்ல மேஸ்திரி. நாலு மாசமா ஓடல. வீட்டோடயே ஒரு மெக்கானிக்கு இருக்கான். அவன் நாளைக்கு நாளைக்குன்னே சொல்லிக்கிட்டிருந்தான். அதான் வெளி ஆளக் கூப்பிடச் சொன்னேன்." கைப்பையைத் திறந்து இரண்டு நூறு பேசோ தாளை எடுத்து மெஷின் மூடிமேல் வைத்தாள். "வந்து பாக்கறதுக்கு இருநூறுன்னு சொன்னாங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் எப்போதும் நீ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவள் 'நீங்க' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ரூசெலின் முகம் சுருங்கியது.

"அக்கா, நீங்களுமா?" என்று என்னைப் பார்த்தான்.

"நான் வண்டி குடுத்தேன். அவ்வளவுதான்."

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான் அவளிடம்.

"வீட்ல பேசியாச்சு மேஸ்திரி. மெஷினுக்கு என்னன்னு சொல்லுங்க."

ரூசெல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. என் பானையிலிருந்து மிச்சமிருந்த நாலு தமாலெஸ் வாசனை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"வால்வு வரணும். அதான் சொன்னேனே. மெக்சிகோ சிட்டியிலேர்ந்து வரணும்."

"வால்வு மட்டும் போதுமா?"

"பம்பும்."

"அப்பறம்?"

அவன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"சாய்ச்சுப் பாத்தோம்" என்றாள் சோய்லா. "ரெண்டு ஒயருதான் தொங்குது."

ரூசெல் என் மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "அது டீச்சர் வீட்டு மெஷினுக்குப் போச்சு. அந்தம்மாவுக்கு மூணு புள்ளைங்க. தெனமும் போன்ல கத்துது."

"நானும் கத்தியிருக்கணும் போல."

"நீ கத்தாமலா இருந்த?"

"கத்துனேன். அவங்க கத்துனா வேலை போயிடும்னு பயம். நான் கத்துனா என்ன போயிடும் ஒனக்கு?" 'நீங்க' தவறிப் போனது அவளுக்கே தெரிந்தது. மூச்சை இழுத்துவிட்டுக் கைப்பையை மறுபடி திறந்தாள். இந்தத் தடவை ஒரு தபால் உறை. "கர்லா கான்கூன்லேர்ந்து அனுப்பியிருக்கா. ஓட்டல்ல அவ விரிப்பு மாத்தறவ, இங்க அம்மா விரிப்பு தொவைக்கறான்னு அழுதா. நாலாயிரம் இருக்கு. வால்வு, பம்பு, மோட்டார், மூணையும் வாங்கிக்குங்க. மூணையும் போட்டா எப்ப ஓடும்? அத மட்டும் சொல்லுங்க."

ரூசெல் உறையைத் தொடவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்தான், மூடினான். சுத்தியலை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

"எப்ப மேஸ்திரி?"

"ஓடாது" என்றான்.

"மூணையும் போட்டா?"

"முப்பது போட்டாலும் ஓடாது சோய்லா. முடிஞ்சு போச்சு அது."

சுவருக்கு அப்பால் பீன்ஸ் பானை கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவளும் கேட்டிருப்பாள். எழுந்திருக்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"டிசம்பர்லேர்ந்தே."

அவன் எழுந்து மெஷினுக்குள் கையை விட்டு உள்தொட்டியைத் திருப்பினான். அம்மியில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தரையில் துருக்கலர்த் தண்ணீர் கொஞ்சம் ஒழுகியது.

"அடியில ஒரு ரப்பர் வளையம் இருக்கு, தண்ணி கீழ எறங்காம பிடிக்கறது. அது போச்சு. தண்ணி பூரா கியர் பாக்ஸுக்குள்ள எறங்கிருச்சு. எல்லாம் துரு. இந்த மாடலே இப்ப வர்றதில்ல. அதான் ஒவ்வொண்ணாக் கழட்டுனேன். எப்படியும் செத்தது. நல்ல உறுப்பு வீணாப் போகுதேன்னு."

"செத்ததுன்னு எனக்கு ஏன் சொல்லல?"

அவன் கையில் ஒட்டிய துருவைப் பேண்ட்டில் துடைத்தான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "போன வாரம் டீச்சர்கிட்ட ஒன் வீட்டு மெஷின் பதினோரு வருஷமா ஓடுதுன்னு சொன்னியாம் ரூசெல். அந்தம்மா என்கிட்ட சொன்னா. அவ மெஷினுக்குள்ள ஒன் மோட்டாரப் போட்டுக்கிட்டே சொல்லியிருக்க."

"சொன்னேன்" என்றான். "எல்லாருகிட்டயும் அதத்தான் சொல்றேன். அதச் சொல்லித்தான் என்னயக் கூப்பிடறாங்க. ஊருல எல்லார் வீட்டு மெஷினும் போகும், இவன் வீட்டுது போகாதுன்னு."

"அதான் காரணமா?" என்றாள் சோய்லா. "ஒன் பேரு கெட்டுடும்னா?"

"அது மட்டும் இல்ல."

"வேற என்ன?"

ரூசெல் மறுபடி வாளிமேல் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நவம்பர் நடுவுல நீ சொன்னேல்ல, தண்ணி நெரம்ப ஒரு மணி நேரம் ஆவுது, சுண்ணாம்பு பிடிச்சிருக்கு, சுத்தம் பண்ணுன்னு. மூணு வாரம் சொன்ன. பண்டிக நேரம், ஒரு நாளைக்கு ஆறு வீடு. வினிகரு ஊத்துனா ராத்திரி பூரா காத்திருக்கணும், காலைல அலசணும். எனக்குப் பத்து நிமிஷம்தான் இருந்துச்சு. ஆசிட்ட ஊத்துனேன்."

சோய்லா அவனையே பார்த்தாள்.

"நல்லா பொங்குச்சு. பத்தே நிமிஷம். தொட்டி புதுசு மாதிரி பளபளன்னு ஆயிருச்சு. நீகூட பாத்து சந்தோசப்பட்ட. ரெண்டு வாரம் கழிச்சு அடியில தண்ணி ஒழுவ ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. வளையத்தத் தின்னுருச்சு, தொட்டியச் சுத்தற தண்டையும் தின்னுருச்சு." குரல் இறங்கிவிட்டது. "மத்தவங்க வீட்ல இதச் சொல்லத் தெரியும். அம்மா, இது முடிஞ்சிருச்சு, புதுசு வாங்குங்கன்னு. வாரத்துக்கு மூணு வீட்ல சொல்றேன். இங்க சொல்லிடலாம்னு இருந்தப்ப அப்பா விழுந்துட்டாரு. கையில இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. அப்பறம் ஒவ்வொரு நாளும் நீ தொட்டியில நிக்கறத பாத்துட்டு எப்படிச் சொல்றது? ஒரு நாள் சொல்லாததால அடுத்த நாள் இன்னும் கஷ்டமாப் போச்சு."

நான் அவளிடமிருந்து கூச்சலை எதிர்பார்த்தேன். கைப்பையை வீசி எறிவாள் என்றுகூட நினைத்தேன். அவள் கர்லாவின் உறையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து, கொக்கியை மாட்டினாள்.

"சீட்டு எழுதுங்க மேஸ்திரி."

"என்ன சீட்டு?"

"எல்லா வீட்லயும் எழுதிக் குடுப்பீங்கல்ல."

ரூசெலிடம் அச்சடித்த சின்னச் சீட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. பெயர், மெஷின், பழுது, காரணம் என்று நாலு வரி. அவன் அதை எடுத்தான். பேனா முதலில் எழுதவில்லை, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான். பெயர் என்ற இடத்தில் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு சோய்லா பெச் என்று எழுதினான். மற்ற வரிகளையும் நிரப்பி, கிழித்து அவளிடம் நீட்டினான்.

அவள் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தாள். "பழுது: சரிசெய்ய முடியாது. காரணம்: தண்ணீர்."

படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "தண்ணியா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன்."

"எல்லாருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். எனக்கு நடந்தத எழுதுங்க."

அவன் சீட்டை முழங்கால்மேல் வைத்து 'தண்ணீர்' என்பதை அடித்தான். 'ஆசிட்' என்று எழுதினான். அவள் கையை நீட்டாமல் இருந்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுபடி குனிந்து, ஆசிட்டையும் அடித்துவிட்டு, இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தான். இந்தத் தடவை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிற்பாடு ஒரு நாள் எனக்குக் காட்டினாள். 'மேஸ்திரியின் அவசரம்' என்று இருந்தது.

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து தோன் லாசரோ கூப்பிட்டார். வார்த்தை இல்லாத கூப்பிடல், ஆனால் என்னவென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சோய்லா எழுந்தாள். நீலக் கவுனின் கையை மடித்துவிட்டுக்கொண்டே போனாள். மெஷின்மேல் வைத்த இருநூறை அவள் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே கிடந்து, கடைசியில் நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன்.

ரூசெல் வெகு நேரம் வாளிமேலேயே இருந்தான். போன் நாலைந்து தடவை அடித்தது. எடுக்கவில்லை. நான் இரண்டு தமாலெஸைத் தட்டில் வைத்து, மிளகாய்ச் சட்னியோடு கொடுத்தேன். இலையைப் பிரித்தான், தின்னவில்லை.

"கத்தியிருந்தாகூடப் பரவால்லக்கா" என்றான்.

"கத்தறதுக்கு அவளுக்குத் தெம்பு இல்லப்பா."

"நான் வேணும்னு செய்யல."

"அது அவளுக்குத் தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு கோபம் வராது."

அவன் மெஷினை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனான். மோட்டார்சைக்கிளும் என் வாசலிலேயே நின்றது. அன்று பகல் அந்த வீட்டில் பீன்ஸைத் தட்டில் போடுகிற சத்தம் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. முள்ளங்கியும் கொத்தமல்லியும் நறுக்குகிற சத்தம் கேட்டது. கிழவருக்கு ஊட்டும்போது மட்டும் அவள் "இன்னும் ஒரு வாய் மாமா" என்றாள்.

புது மெஷின் ஆகஸ்ட்டில்தான் வந்தது. கர்லாவின் பணமும், ரூசெல் தன் நல்ல டிரில்லிங் மெஷினை விற்ற பணமும் சேர்த்து வாங்கினார்கள். அதற்குள் மழை பிடித்துவிட்டது. துணி காயாமல் வேறு பாடு. தோன் லாசரோவை அவர் கேட்டபடி ஒரு நாள் மத்தியானம் மட்டும் வலை ஊஞ்சலில் கிடத்தினார்கள், மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். பதினோரு வருஷம் என்கிற பேச்சை ரூசெல் அப்புறம் எங்கும் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. வேலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. தண்ணீர் அதே தண்ணீர்தானே.

ஆனால் எனக்கு அந்த வருஷத்தில் மறக்காமல் நிற்பது அந்தத் திங்களுக்கு மறுநாள் காலைதான்.

ஐந்தரை மணி. பானை மூடி ஆடத் தொடங்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்தது, வழக்கம்போல. அப்புறம் தேய்க்கிற சத்தம் வந்தது. அது வழக்கம்போல இல்லை. இரண்டு தேய்ப்பு, ஒரு நிறுத்தம். மூன்று தேய்ப்பு, ஏதோ கீழே விழுகிற சத்தம். நான் கையைத் துடைத்துக்கொண்டு சுவரருகே போனேன்.

துவைதொட்டியில் ரூசெல் நின்றிருந்தான். பனியனும் கால்சட்டையும், இடுப்பு வரை நனைந்திருந்தான். ஒரு விரிப்பு தொட்டிக்குள், ஒன்று தோளில், இரண்டு தரையில். சமையலறை வாசல்படியில் சோய்லா உட்கார்ந்திருந்தாள். கையில் காப்பிக் குவளை. இந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டு தலையை அசைத்தாள்.

ரூசெலின் போன் ஜன்னல் விளிம்பில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் ஈரக்கையோடு திரும்பிப் பார்த்தான், அவளும் பார்த்தாள். அது தானாக நின்றது.

அவன் சோப்புக் கட்டியை எடுத்து விரிப்பில் அழுத்தித் தேய்த்தான். தண்ணீர் ஊற்றினான். மறுபடி தேய்த்தான். பாதிக் கட்டி கரைந்திருக்கும். தொட்டியில் பால் திரிந்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது. கையைத் தூக்கி விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தான். எத்தனையோ வருஷமாக இந்தத் தண்ணீரைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசியவன், அதைக் குழாயிலிருந்து எடுத்து முதல் தடவையாகத் தொட்டுப் பார்க்கிறவன் மாதிரி நின்றான்.

"சோய்லா" என்றான். "எவ்வளவு சோப்புப் போட்டாலும் நுரையே வர மாட்டேங்குது."

அவள் காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"வராது" என்றாள்.